அரை பாட்டில் கடல் தண்ணீர்

போன மாதம் எங்கள் பழைய ஹேட்சரிக்குப் போயிருந்தேன். மணப்பட்டுக் கடற்கரையை ஒட்டி இறால் குஞ்சு பொரிக்கும் நிலையம் அது. அதன் லேபில் இருபத்தெட்டு வருஷம் தண்ணீர் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு கம்பி தொங்குகிறது. அதுவே அளக்கிறது, அதுவே போனுக்கு எண்ணை அனுப்பிவிடுகிறது. லேபில் இருக்கும் பெண்கள் இரண்டு பேரும் நாற்காலியை விட்டு எழாமலேயே எனக்குப் போனைத் தள்ளிக் காட்டினார்கள்.

"அக்கா, நீங்க தொட்டி தொட்டியா மீட்டரைத் தூக்கிக்கினு அலைஞ்சீங்களாமே. கால் வலிக்கல?" என்றாள் ஒருத்தி.

வலித்தது என்றேன். இன்றைக்கும் வலிக்கிறது என்றேன். அப்படியே உட்கார்ந்து பழைய கதை பேசினோம். "இதையெல்லாம் எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். எழுதுகிறேன். என் பெருமையை மட்டும் எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் செய்த வேலைகளில் நன்றாக ஞாபகம் இருப்பது நான் தப்பாகச் செய்த ஒன்றுதான்.

எனக்குச் சொந்த ஊர் பாகூர். அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும். வேதியியல் டிப்ளமோ முடித்துவிட்டு, கடற்கரையில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து சொன்னபோது, "கடத்தண்ணி உப்பா இருக்குதான்னு பாக்கறதுக்கு ஒரு ஆளு, அதுக்குச் சம்பளம் வேறயா?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். உப்போடு வேலை முடிந்துவிடுவதில்லை. தண்ணீர் அமிலப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லும் எண்ணுக்குப் பெயர் பி.எச். ஏழு என்றால் நடு. நல்ல கடல் தண்ணீர் எட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அங்கிருந்து இறங்கினால் இறால் குஞ்சு சோர்ந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒற்றை இலக்கத்துக்காக நாங்கள் பட்ட பாடு அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

நான் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆன பிறகு எனக்கு மேலதிகாரியாக ஃபிலோமினா மேடம் வந்தார். வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு நான் 'குட்மார்னிங் மேடம்' சொல்ல வேண்டுமா என்று ஆத்திரம். அவர் பதிலுக்கு "குட்மார்னிங் வசந்தாக்கா" என்பார். அதிலும் எனக்குக் கோபம்தான்.

அவர் திட்டியதே கிடையாது. காதில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். எண்ணைச் சொல்லுவோம். "மறுபடியும்" என்பார். மீண்டும் அளந்து சொல்லுவோம். "மறுபடியும்." அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. மூன்றாவது தடவை அளக்கும்போது எங்கே சொதப்பினோம் என்று நமக்கே தெரிந்துவிடும். தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அவர் நகர்ந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'மறுபடி மேடம்' என்றுதான் சொல்வோம். அவருக்கும் அது தெரியும்.

அவர் வந்த புதிதில் ஆறாம் தொட்டிக் குஞ்சுகள் அடியில் படுத்துக்கொண்டன. நான் ஒரு பீக்கரில் தண்ணீர் மொண்டு, கொட்டகையைத் தாண்டி லேபுக்குக் கொண்டுவந்து, வழியில் சமையல்கார அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அளந்தேன். எட்டு புள்ளி ஒன்று. "தண்ணி தங்கமா இருக்குது மேடம்" என்றேன். அவர் மீட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு தொட்டிக்கே நடந்தார். ஈரத் தரையில் புடவையோடு மண்டி போட்டார். மீட்டரின் கண்ணாடி முனையைச் சுத்த நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, முதலில் ஏழு என்று தெரிந்த திரவத்திலும் பிறகு பத்து என்று தெரிந்த திரவத்திலும் முக்கி மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, தொட்டிக்குள் விட்டார். எண் ஓடி ஓடி ஒரு இடத்தில் நிற்கும்வரை மூச்சுகூட விடவில்லை. ஏழு புள்ளி ஏழு.

காற்றுக் குழாயின் முனையில் குமிழி விடும் கல் அடைத்துக் கிடந்திருக்கிறது. குஞ்சுகள் விட்ட மூச்செல்லாம் கரியமில வாயுவாகத் தண்ணீரிலேயே தங்கி அதை அமிலப் பக்கம் இழுத்துவிட்டது. நான் பீக்கரை ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்ததில் அந்த வாயு வழியிலேயே பறந்துபோய், நல்ல எண் வந்திருக்கிறது.

"வசந்தாக்கா, தண்ணி நடந்து வந்தா மாறிடும். மீட்டர் நடந்து போனா மாறாது" என்றார் மேடம். அவர் பேசிய நீளமான வசனமே அதுதான். எடுத்துத்தான் வரவேண்டும் என்றால் பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே முழுக நிரப்பி, உள்ளேயே மூடியைத் திருக வேண்டும். ஒரு குமிழி தெரிந்தாலும் "மறுபடியும்" தான். அதற்குப் பிறகு வந்த எல்லோருக்கும் இந்தப் பாடத்தை நான்தான் எடுத்தேன், அதுவும் கொஞ்சம் அலட்டலோடு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹேட்சரியின் காற்று மோட்டார்களைப் பழுது பார்க்க வருகிறவன் குமரன். வீடு நெட்டப்பாக்கம் பக்கம். சுற்றிலும் கரும்புக் காடு. அப்படிப்பட்ட ஊரில் கூடத்தில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்து, பவழப் பூவும் கோமாளி மீனும் வளர்க்க ஆசைப்பட்டான் அவன். நான் முதலில் கேட்டது பில். நம் கடலில் பவழத்தைப் பிடுங்கினால் உள்ளே தள்ளிவிடுவார்கள். பண்ணையில் வளர்த்தது என்று அவன் பில்லை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேசவே ஆரம்பித்தேன். நல்லவாட்டுக் கடற்கரையிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுபோவான். ஊரில் எல்லோரும் "இன்னா குமரா, வூட்லயே கருவாடு போடப் போறியா?" என்று கேலி பேசினார்கள். இரண்டு வருஷத்தில் அந்தத் தொட்டி அப்படி ஒரு அழகாக வந்தது. கேலி பேசியவர்களே விருந்தாளியைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

ஒரு மார்கழியில் அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"வசந்தாக்கா, பவழம்லாம் சுருங்கிடுச்சி. பி.எச். ஏழு புள்ளி ஏழுதான் காட்டுது. ஆப்பசோடா போட்டன், ஏறல. சுண்ணாம்பத் தெளிய வெச்சி ஊத்தனன், ஏறி ரெண்டு மணி நேரத்துல மறுபடி எறங்கிடுது. மோட்டார் மேலல்லாம் வெள்ளையா படிஞ்சதுதான் மிச்சம்."

தண்ணீரை எடுத்துவா என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி நேரப் பாதை. அந்த வாரம் எனக்கு இடுப்பு வலி. அவன் அரை பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். மேலே பாதி வெறும் காற்று. அதைப் பீக்கரில் ஊற்றி, கலக்கியில் சுழலவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கடற்காற்று அடிக்கும் ஜன்னலோர மேசை அது. நிதானமாக வந்து அளந்தேன். எட்டு புள்ளி ஒன்று.

"உன் மீட்டர் செத்துப்போச்சி. வேற வாங்கு" என்றேன். அவன் நம்பினான். இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வான்?

புது மீட்டர் வந்து சேர ஒரு வாரம். அதுவும் ஏழு புள்ளி ஆறு காட்டியது. இந்தத் தடவை அவன் வந்து நின்றபோது தொட்டியைப் பற்றிய கவலையோடு இன்னொன்றும் இருந்தது. அவன் மனைவி சுகன்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. தாய் வீட்டில் கூரை மாற்றுகிறார்கள் என்று பிரசவத்துக்கு அவள் போகவில்லை. அவளுடைய அம்மா அஞ்சலாட்சிதான் இங்கே வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகன்யாவுக்கு ஓயாம தலவலிக்கா. குமட்டுதுன்றா. கொழந்த தூங்கிக்கினே இருக்குது, பால் குடிக்க எழுப்பினாலும் எழமாட்டுது. தொட்டியில கெட்டுப்போன கடத்தண்ணி ஆவிதான் ரெண்டு பேருக்கும் ஆவலன்னு அத்த சொல்றாங்க. ஞாயித்துக்கெழம தொட்டிய வெளிய கொட்டணுமாம். இல்லன்னா பொண்ணையும் கொழந்தையையும் கூட்டிக்கினு போயிடுவாங்களாம்."

அன்று சனிக்கிழமை. அப்போதுதான் எனக்கு என் பாட்டில் ஞாபகம் வந்தது. பாதி தண்ணீர், பாதி காற்று. சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுழன்ற கலக்கி. மேடம் மண்டி போட்ட ஈரத் தரை கண்முன் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது. இடுப்பு வலியாவது மண்ணாவது என்று மீட்டரையும், பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு அவன் வண்டியில் ஏறினேன்.

வாசல் கதவைத் திறந்ததுமே ஒரு அனல். கூடத்தில் ஒரு பக்கம் தொட்டி, மறு பக்கம் கட்டில். மார்கழிப் பனி பச்சை உடம்புக்காரிக்கு ஆகாது என்று ஜன்னல்களை இறுகச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய புடவையைச் சுருட்டித் திணித்திருந்தார் அஞ்சலாட்சி. சாம்பிராணி வாசம் அடித்தது. நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வோம்.

"வாம்மா. நீதான் அந்தத் தண்ணி டாக்டரா? நாளைக்கி இது இங்க இருக்கக்கூடாது, சொல்லிட்டன்" என்றார் அஞ்சலாட்சி. இடுப்பில் கை. எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. பயந்துபோன தாய்தான் அப்படிப் பேசுவாள்.

தொட்டிக்குள்ளேயே அளந்தேன். ஏழு புள்ளி ஆறு. மீட்டரைச் சரிபார்த்து மறுபடியும் அளந்தேன். அதே எண். குமரன் ஊற்றிய சோடாவில் தண்ணீரின் கார இருப்பு, அதாவது அமிலத்தை எதிர்த்து நிற்கும் சக்தி, தேவைக்கு மேலேயே இருந்தது. இருப்பு இருந்தும் எண் ஏறவில்லை என்றால் தண்ணீரில் கரியமில வாயு மிஞ்சிக் கிடக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. இரண்டு பீக்கரில் அதே தொட்டித் தண்ணீரை எடுத்தேன். ஒன்றைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் வைத்துப் பம்பை ஓடவிட்டேன். மற்றதைக் கூடத்திலேயே வைத்து அதே மாதிரிப் பம்பை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரமும் கூடத்தில்தான் இருந்தேன். அஞ்சலாட்சி டீ கொடுத்தார். சுகன்யா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். "கொல்லப் பக்கம் குளிக்கப் போனா மட்டும் தல லேசா இருக்குதுக்கா. உள்ள வந்தா திரும்ப ஆரம்பிச்சிடுது" என்றாள். எனக்கும் நெற்றிப் பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. வெயிலில் வண்டியில் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் புத்தி எங்கே போகிறது!

கொல்லைப் பீக்கர் எட்டு புள்ளி மூன்று. கூடத்துப் பீக்கர் ஏழு புள்ளி ஆறு, அசையவே இல்லை.

ஒரே தண்ணீர், ஒரே பம்பு. வித்தியாசம் அது இழுத்த காற்று மட்டும்தான். தொட்டி கெட்டுப்போகவில்லை. கூடத்தின் காற்றுதான் கெட்டிருக்கிறது. நாலு பேர் மூச்சுக்கு இவ்வளவு கெடாதே என்று சுற்றிப் பார்த்தேன். குனிந்தேன். கட்டிலுக்கு அடியில் மண்சட்டி நிறையக் கரித் தணல், மேலே சாம்பல் பூத்து அமைதியாக இருந்தது. சாம்பிராணி போட மட்டும் என்றால் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவோம். இவர் உடம்புக்குச் சூடு வேண்டும் என்று நாள் பூராவும் அங்கேயே வைத்திருக்கிறார்.

கரித் தணல் மூடிய அறையில் கரியமில வாயுவை மட்டும் விடுவதில்லை. மணமில்லாத இன்னொரு விஷ வாயுவையும் சேர்த்து விடும். மீட்டர் அதைக் காட்டாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். அந்தக் குழந்தையின் தூக்கம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"குமரா, கொழந்தைய தூக்கு. சுகன்யா, எழுந்து கொல்லைக்கு வா. எதுவும் கேக்காதீங்க" என்று கத்தினேன். அவர்கள் எழுந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி கதவை மறித்துக்கொண்டார்.

"பச்ச ஒடம்புக்காரியப் பனியில நிறுத்துவியா? ஜன்னி கண்டா நீ வந்து பாப்பியா?"

"பதினோரு மணி வெயில் அடிக்குதுக்கா. பனி எங்க இருக்குது?" என்றேன். அவர் தோளை மெதுவாக நகர்த்திவிட்டு இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். தணல் சட்டியைப் பிடிதுணியோடு தூக்கிக் கொல்லைக் கோடியில் வைத்தேன். ஜன்னலில் திணித்த புடவைகளைப் பிடுங்கி எறிந்தேன். அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"எம்பொண்ணுக்கு நானே கெடுதல் பண்ணுவனா? நீ சொல்றத நான் இன்னாத்துக்கு நம்பணும்?"

நியாயமான கேள்வி. ஒரு வாரத்துக்கு முன்னால் என்னை நம்பியவனுக்கு என்ன ஆனது என்று எனக்குத்தானே தெரியும். மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். "நான் சொல்றத நம்பாதீங்க. நீங்களே வெச்சிப் பாருங்க" என்றேன். கழுவி, ஒற்றி எடுக்கக் காட்டினேன். கூடத்துப் பீக்கரில் வைத்தார். கொல்லைப் பீக்கரில் வைத்தார். எண்களை உதடு அசைத்துப் படித்தார். அவருக்கு பி.எச். என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது தெரிந்தது. கொல்லையில் சுகன்யா முகம் கழுவிக்கொண்டு, "யம்மா, தல விட்ட மாதிரி இருக்குது" என்றாள்.

அஞ்சலாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு தபா வையி" என்றார்.

உள்ளே இருந்த பீக்கரைக் கொல்லைக்கு எடுத்துவந்து பம்பை ஓடவிட்டேன். அதற்குள் குமரன் அழைத்த ஆட்டோ வந்துவிட்டது. எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார், சோதித்தார், பயமில்லை என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரு திட்டுத் திட்டினார். நானும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அந்தக் குழந்தை பசித்து அழுதது பாருங்கள், அப்படி ஒரு அழுகை! நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டே கேட்டோம். திரும்பி வந்து பார்த்தபோது இரண்டாவது பீக்கரும் எட்டு புள்ளி மூன்றில் நின்றது.

தொட்டிக்கு மருந்து எதுவும் தேவைப்படவில்லை. சோடா, சுண்ணாம்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். காற்றுப் பம்பு இழுக்கும் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டோம். இரண்டு நாளில் எட்டைத் தாண்டியது. ஒரு வாரத்தில் பவழம் விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கொட்டும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரை பாட்டிலையும், சாப்பிடப் போனதையும், ஒரு வாரம் வீணானதையும் மறைக்கவில்லை. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், திரும்பச் செருகினார். வெளியே போய் லேபில் வேலை செய்த எல்லோரையும் கூட்டிவந்து உட்காரவைத்தார்.

"மறுபடியும் சொல்லுங்க வசந்தாக்கா" என்றார்.

சொன்னேன். என் வாழ்க்கையில் அவரை நான் முழுசாக மதித்தது அந்த நிமிஷத்திலிருந்துதான். திட்டியிருந்தால் எனக்கு மட்டும்தான் பயன்பட்டிருக்கும்.

இந்த மார்கழியில் சுகன்யாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, பையன். பார்க்கப் போயிருந்தேன். ஜன்னல் இரண்டும் திறந்து கொசுவலை அடித்திருந்தது. தணல் சட்டி கொல்லையில் முருங்கை மரத்தடியில் இருந்தது. ஆனால் கட்டிலை எதிர்ச் சுவரிலிருந்து இழுத்துவந்து தொட்டியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். கோமாளி மீன் குழந்தையின் காலுக்குப் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தது.

"நான்தான் போடச் சொன்னன்" என்றார் அஞ்சலாட்சி. "போன தபா நமக்கு முன்னாடியே அதுக்குத்தான் ஒடம்பு முடியாமப் போச்சி. நாமதான் அதைத் தூக்கிக் கொட்டப் பாத்தோம்."

"யக்கா, அது எல்லாத்தையும் கண்டுபிடிக்காது. தொறந்த ஜன்னல்தான் காவல்" என்றேன்.

"தெரியும்மா, பாடம் எடுக்காத. மீட்டர் கொண்டாந்தியா?"

கொண்டுபோயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பையில் அதுதான் இருக்கிறது. கழுவி, ஒற்றி எடுத்து, தொட்டிக்குள் விட்டேன். எண் நின்றதும் எட்டு புள்ளி இரண்டு என்றேன். அஞ்சலாட்சி பேரனைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தபா வையி" என்றார்.

வைத்தேன்.